ஆரினின் முதல் பாதியும் கடைசி மாதமும்

என் அண்ணன் ஆரின் டில்சனின் கதையை ஒருவர் முழுதாகக் கேட்டது அவனுடைய இருபதாவது வயதில். அமெரிக்காவின் லின் நகரத்து ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டியவரின் மகன், உதவித்தொகையில் பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். அங்கே உளவியல்காரர்கள் சிலர் மாணவர்களை ஆராய்ந்தார்கள்.

தங்கள் துறைக்கு ஆளுமையியல் என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஞாபகசக்தியைத் தனியாகவும் பயத்தைத் தனியாகவும் அளந்தபோது, இவர்களுக்கு முழு மனிதன் வேண்டியிருந்தான். பிறப்பிலிருந்து சாவுவரை உள்ள ஆயுள்தான் ஆராய வேண்டிய பொருள். ஒரு துண்டை மட்டும் எடுத்தால் ஆள் தப்பிவிடுவான். படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள், பழைய நினைவுகளைக் கேட்டார்கள். பிறகு ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இவன் இன்ன மாதிரி ஆள் என்று முடிவு செய்தார்கள்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான்: "அப்பா செத்ததைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசினேன் ஹெட்டி. ஒருத்தரும் கடிகாரத்தைப் பாக்கல."

"எங்கிட்ட பேச வேண்டியதுதானே?"

"உங்கிட்டயா? பாதியில பீன்ஸ் அடிப்பிடிக்குதுன்னு ஓடிடுவ."

பட்டம் வாங்கியதும் அந்த மேசையில் தனக்கும் ஓர் இடம் கேட்டான். அந்தக் குழுவின் தலைவரான பேராசிரியர் அன்பாகவே மறுத்தார்.

"உன்னைப் பத்தி நாங்க எழுதினதை நீ படிச்சிட்டா பழைய ஆளா இருக்கமாட்டப்பா. ஆராய்ச்சி கெட்டுடும்."

ஆரின் லின் பள்ளியில் கடைசிவரை வடிவகணிதம் நடத்தினான். சில வருடங்களுக்கு ஒருமுறை அவர்கள் கூப்பிட்டால் முடியை வெட்டிக்கொண்டு போவான்.

"வேலை குடுக்காதவங்ககிட்ட எதுக்குப் போற?" என்பேன்.

"என்னை முழுசாத் தெரிஞ்சவங்க அவங்க மட்டுந்தான்."

அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டே இந்தப் பதிலைக் கேட்டேன்.

பிப்ரவரியில் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தான். ஏப்ரலில் அந்த உளவியல்காரர்களிடமிருந்து ஒலிப்பதிவுப் பெட்டியோடு ஓர் இளைஞன் வந்தான், பெயர் வ்ரீலண்ட்.

"கடைசி மாசங்களைச் சொன்னீங்கன்னா வரலாறு முழுமையாயிடும், மிஸ் டில்சன். ஒரு ஆயுள் முழுக்கக் கிடைக்கிறது அபூர்வம்."

நானும் கல்லூரிக்குப் போனவள்தான்; வாதம் புரிந்தது.

"அப்பா செத்தப்ப எனக்கு நாலு வயசு. ஆரின் வீட்டுல அதைப் பத்தி வாயே திறந்ததில்ல. உங்ககிட்டதான் சொல்லியிருக்கான். அந்தப் பக்கங்களைக் காட்டுங்க, கடைசி மாசத்தை நான் சொல்றேன்."

"அது விதிப்படி முடியாதுங்க."

"படிச்சா ஆள் மாறிடுவான்னுதானே விதி? செத்தவன் இனி எப்படி மாறுவான்?"

அவன் முகம் சிவந்தது. "எல்லாருக்கும் ஒரே விதிதாங்க. நான் சின்ன ஆளு."

நான் சாப்பிடக் கொடுத்த கேக்கைப் பாதியில் வைத்துவிட்டான். பெட்டியின் மூடியை நானே சாத்தி அவன் கையில் கொடுத்தேன். வாசலில் திரும்பி நின்றான்.

"தன் வாழ்க்கையைப் பத்தி அவருக்கு வருத்தம் இருந்துதா? அதை மட்டுமாவது..."

"துண்டு போதாதுன்னு சொன்னவங்க நீங்கதானே தம்பி?"

கதவைச் சாத்தினேன். கார் கிளம்பிப் போயிற்று. இனி அவர்களிடமும் முழு ஆள் இல்லை, என்னிடமும் இல்லை.