விழாத மலையும் யோனாவின் கோபமும்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாத மழையில், கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவில் தொடங்கியது இது. ஒரு வியாழக்கிழமை. தினமும் டைரி எழுதுகிறவள் நான். அன்றைய பக்கத்தில் மட்டும் 'மழை. நிச்சயதார்த்தம். மலை விழவில்லை' என்று எழுதிவிட்டு மூடிவைத்தேன். மிச்சத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். புதன்கிழமை சாயங்காலங்களில் எங்கள் சபையைச் சேர்ந்த சிலர் எங்கள் வீட்டில் கூடி வேதாகமம் படிப்போம். அந்த மாதம் யோனா தீர்க்கதரிசியை எடுத்திருந்தேன். நான்கே அதிகாரம், வாரத்துக்கு ஒன்று. நினிவே என்ற பெரிய பட்டணம் அழியப்போகிறது, போய்ச் சொல் என்று கடவுள் அவரை அனுப்புகிறார். அவரோ எதிர்த்திசையில் கப்பலேறி ஓடுகிறார். புயல் வருகிறது, கடலில் எறியப்படுகிறார், மீன் விழுங்கிக் கரையில் கக்குகிறது. அதன்பிறகு வேறு வழியில்லாமல் நினிவேக்குப் போய்ச் சொல்கிறார். ராஜா முதல் மாடு வரைக்கும் அந்த ஊரே பயந்து மனம் திரும்புகிறது. ஊர் அழியவில்லை. இதுவரைக்கும் மூன்று அதிகாரம். அந்த வியாழனுக்கு முந்தின நாள்தான் மூன்றாவதை முடித்திருந்தேன்.

மிச்சம் இருந்தது நான்காவது. ஊர் பிழைத்ததைப் பார்த்து யோனா சந்தோஷப்படவில்லை, கோபப்படுகிறார். செத்துப்போனால் தேவலை என்கிறார். அந்நியர் மேல் வெறுப்புள்ள பிடிவாதக்காரர், இரக்கமில்லாதவர் என்று அவரைப் பற்றி ஒரு பக்கத்துக்கு விளக்கம் தயார் செய்து வைத்திருந்தேன்.

எங்கள் சரிவின் கீழே இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது. அடுத்தது மன்னவனூர்ப் பக்கம் பூண்டும் கேரட்டும் போடுகிற ஒரு விவசாயக் குடும்பம். மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக இங்கே வீடு கட்டி வந்தவர்கள். அவரை நான் அண்ணே என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அவர்களுக்கு நான் டீச்சர். இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் பின்னால் பாறையிடுக்கில் இருக்கும் ஓர் ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருகிறது. எவ்வளவு மழை பெய்தாலும் அது கலங்கி நான் பார்த்ததில்லை.

அந்த வியாழக்கிழமை அவர்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர்கள். பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டையும் மெல்ல மெல்லச் சம்மதிக்க வைத்த கல்யாணம் அது. அதனால் அக்காவுக்கு ஒவ்வொரு சின்ன விஷயமும் சரியாக நடக்க வேண்டும் என்ற பதற்றம்.

விடாமல் ஒரு வாரம் மழை. அன்று மழை விடுமுறை விட்டிருந்தார்கள். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஊற்றுக்குக் கொஞ்சம் மேலே புல்தரை பிளந்திருந்தது. கை நுழைகிற அகலம். போன வாரம் அது அங்கே இல்லை. ஆசிரியர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி கொடுத்தபோது ஒன்று சொல்லியிருந்தார்கள்: தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கினால் சரிவு நகரத் தொடங்கியிருக்கலாம், யோசிக்காமல் வெளியேறுங்கள். அவர்கள் கொடுத்திருந்த பேரிடர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பல இடங்களில் மரம் விழுந்து கிடக்கிறது, ஆட்கள் எல்லோரும் அங்கேதான், மதியத்துக்கு மேல்தான் வந்து பார்க்க முடியும், அதுவரை அங்கே இருக்க வேண்டாம் என்றார்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் பந்தலைப் பார்த்தார்.

"இன்னைக்குப் போயி இதைச் சொன்னா நம்ம மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க. பேசாம வத்தலக்குண்டுல ஒங்கூடப் பொறந்த அக்கா வீட்டுக்குப் போயிருவோம். அவசரச் சோலின்னு சொல்லிக்கலாம்."

"அப்ப அவங்க?"

அவர் மறுபடியும் பந்தலைப் பார்த்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். "நேத்து ஒரு மணி நேரம் யோனாவத் திட்டுன. கப்பல் டிக்கெட்டு எங்கெங்க கெடைக்குதுன்னு இப்பத் தெரியுதா?"

சேலையைக்கூட மாற்றாமல் போனேன். அண்ணன் பந்தலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். என்ன இன்னும் வீட்டுச் சேலையோட? வெரசா மாத்திட்டு வாங்க, தட்டு வரிசைய நீங்கதான் பாக்கணும்னு இவ வெள்ளனேருந்து சொல்லிக்கிட்டு கெடக்கா."

சொன்னேன். ஊற்று, விரிசல், போனில் சொன்னது எல்லாவற்றையும். உள்ளிருந்து அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

"நல்ல காரியம் நடக்கப்போற வீட்டு வாசல்ல நின்னு பேசுற பேச்சா டீச்சர் இது? இந்த மல பாக்காத மழையா? மாப்ள வீட்டு வேன் பெருமாள்மலை தாண்டிருச்சு. பொண்ணு வீட்ல வெளக்கேத்தாம எங்க போயி ஏத்தச் சொல்றீங்க?"

"அக்கா, தயவுசெஞ்சு…"

"விழலேன்னா?"

"விழலேன்னா என்னைத் திட்டிக்கோங்க. விழுந்துட்டா திட்டுறதுக்கு நம்ம யாரும் இருக்க மாட்டோம்."

அண்ணன் பின்பக்கம் போனார். விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, முழங்கை வரைக்கும் சேறு. அதை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு, பந்தலில் நின்ற சொந்தக்காரப் பையன்களைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே, தட்டு, வெளக்கு, சமையல் சாமான் எல்லாத்தையும் எடுங்கலே. நம்ம குடோனுக்குப் போறோம்."

சாலைக்கு எதிர்ப்பக்கம், சரிவை விட்டுத் தள்ளி, அவருக்கு ஒரு பூண்டுக் குடோன் இருந்தது. அக்கா அழுதேவிட்டார். "பூண்டு மூட்டைக்கு நடுவுலயா எம்மகளுக்கு நிச்சயம்?"

"இத்தன வருசமா சோறு போட்ட பூண்டுதான? இன்னைக்கு ஒரு நாள் மணக்கட்டும்."

நினிவே ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்ததை முந்தின நாள்தான் நடத்தியிருந்தேன். இப்படித்தான் இறங்கியிருப்பார் போலிருக்கிறது. நம்பி அல்ல, ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால் என்ற நினைப்பில். அண்ணன் கடைசியாகக் கொட்டிலில் கட்டியிருந்த மாட்டையும் அவிழ்த்தார். அது மழையில் நகரமாட்டேன் என்றது. பட்டு வேட்டியில், ஒரு கையில் குடையும் ஒரு கையில் மூக்கணாங்கயிறுமாக அவர் நடுரோட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் பழனி வேன் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா இறங்கி எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் பேசினார். "மலையேறி வந்தது மூட்டை எண்ணவா? சுபகாரியத்தன்னைக்கு வீட்ட விட்டு எறங்குற குடும்பமா இருக்கே!"

குடோனில் விளக்கேற்றினார்கள். தட்டு மாற்றினார்கள். மல்லிகைப்பூவெல்லாம் பூண்டு வாசம். பெண் தலை நிமிரவே இல்லை. கல்யாணத் தேதி எழுத வேண்டிய நேரத்தில் தாய்மாமன் எழுந்து, "ஊருக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வேன் கிளம்பியதும் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

மதியம் மழை விட்டது. வெயில்கூட வந்தது. சரிவு அப்படியே இருந்தது. மூன்று மணி வாக்கில் சொந்தக்காரர்களில் ஒருவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, தொடை வரைக்கும் சேற்றோடு சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"டீச்சர்! ஊத்துக்கண்ணுல காட்டெருமை குடும்பத்தோட குளிச்சிட்டுப் போயிருக்கு. அதான் கலங்கல். மல வரல டீச்சர், மாடுதான் வந்திருக்கு!"

குடோனில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "டீச்சர், நாளைக்கு எங்க வீட்ல சாணி அள்ளணும், மல நிக்குமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் இன்னொருவர். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மகள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் ஒரு வார்த்தையால் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகுமா?

பிறகு அதிகாரி ஒருவர் வந்தார். ஊற்றுக் கலங்கலுக்கு எருமைதான் காரணமாக இருக்கலாம், விரிசல் வேறு விஷயம், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை யார் காதிலும் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் பின்வாசலில் நின்று அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்குப் பார்க்கிறேன் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. கொஞ்சமாவது விழாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யார் மேலும் விழ வேண்டாம். ஒரு கூடை மண், ஒரு பாறை, நான் சொன்னது பொய்யில்லை என்று காட்டுகிற அளவுக்கு. என் சொந்த வீட்டு மேல் என்றால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

யோனாவும் அதைத்தான் செய்தார். நகரத்துக்குக் கிழக்கே ஒரு குடிசை போட்டுக்கொண்டு, என்ன ஆகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தார். யோனாவின் நாட்டில் ஒருவன் சொன்னது நடக்காவிட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. ஊர் பிழைத்தால் அவர் பொய்யர், ஊர் அழிந்தால் அவர் உண்மையானவர். எச்சரிக்கை பலித்துவிட்டால் அது வீண். பலிக்காமல் போனால்தான் அது வேலை செய்தது என்று அர்த்தம். இந்த இடத்தில் மாட்டிக்கொண்ட மனிதரை, இரக்கமில்லாதவர் என்று ஒரு வரியில் தீர்த்து வைத்திருந்தேன் நான். கடவுள் அப்படித் தீர்க்கவில்லை. வெயிலில் உட்கார்ந்தவருக்கு ஓர் ஆமணக்குச் செடியை நிழலுக்கு முளைக்க வைக்கிறார். அது வாடியதும் யோனா வருந்துகிறார். நீ வளர்க்காத ஒரு செடிக்காக நீ பரிதாபப்படுகிறாயே, இவ்வளவு ஜனமும் மிருகஜீவன்களும் உள்ள பட்டணத்துக்காக நான் பரிதாபப்படாமல் இருப்பேனா என்று கடவுள் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு கதை முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை.

அடுத்த புதன்கிழமை தயார் செய்த விளக்கத்தை நான் எடுக்கவில்லை. சரிவைப் பார்த்து நின்றதைத்தான் சொன்னேன். போகும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

பழனியிலிருந்து செய்தி வரவில்லை. அக்கா என்னோடு பேசவில்லை. துணி காயப்போடும்போது எதிரே வந்தால் உள்ளே போய்விடுவார். இரண்டு வாரம் போலப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், மாப்ளயோட அம்மா வந்திருக்காங்க. உங்களக் கூப்பிடுறாங்க."

என்னால் நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி என்னிடமே கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். போனேன். அந்த அம்மா கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதான் அன்னைக்குச் சொன்ன டீச்சரம்மாவா?"

"ஆமாங்க. என்னாலதான் எல்லாம்… இவங்க மேல எந்தத் தப்பும் இல்லங்க."

"உக்காருங்க. தப்புப் பத்திப் பேச வரல." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "எங்க கடை வரிசையில ஒரு தடவ தீப்பிடிச்சுச்சு. ஓலக் கூரை. பொகை வாசம் எல்லாத்துக்கும் வந்துச்சும்மா. எனக்கும் வந்துச்சு. கூட்ட நேரம், சத்தம் போட்டு ஒண்ணுமில்லாமப் போனா சிரிப்பாங்களேன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம். உசுருக்கு ஒண்ணும் ஆகல, அது முருகன் புண்ணியம். கடை போச்சு."

தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"எந்தம்பி அபசகுனம்ங்கறான். நான் நெனச்சு நெனச்சுப் பாத்தேன். சம்பந்தி வேன் வந்து நிக்குது, ஊரே பாக்குது, அந்த நேரத்துல மாட்டக்கூட விட்டுட்டு வராம இழுத்துக்கிட்டு நின்னாரே இந்த மனுசன். சிரிப்பாங்கன்னு தெரிஞ்சும் வந்து சொன்னீங்களே நீங்க. இப்படி ஒரு வீட்லயும் இப்படி ஒரு பக்கத்து வீட்லயும் வளந்த பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தா எனக்கு நல்லதுதான?" பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "பூண்டு வாசம்தான் பட்டுச்சேலைய விட்டுப் போகவே மாட்டேங்குது. அதுக்கு என்ன பண்ணப்போறீங்க சம்பந்தி?"

அக்கா சிரிக்கப் பார்த்து, அழுதார். உள் அறையில் வளையல் சத்தம் கேட்டது. அன்றைக்கே தை மாதத்தில் ஒரு தேதி எழுதினார்கள்.

நான் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என்னைச் சரியென்று காட்ட மலை விழ வேண்டியிருக்கவில்லை. எங்கிருந்தோ வந்த ஓர் அம்மா ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அதைச் செய்துவிட்டுப் போனார்.

கார்த்திகையில் மறுபடியும் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் பின்வாசல் கதவைத் தட்டும் சத்தம். அக்கா நின்றார், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு.

"டீச்சர், ஊத்து லேசாக் கலங்கியிருக்கு. வந்து பாருங்க."

இரண்டு பேரும் வழுக்கிக்கொண்டே மேலே போனோம். சுற்றிலும் பெரிய பெரிய குளம்படிகள்.

"காட்டெருமைத் தடம்தான் அக்கா. விரிசல் அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு."

"தடம் எனக்கும் தெரியுது. இருந்தாலும் நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. போகணும்னா போயிருவோம். அவரு மாட்டக்கூட அவுத்து வச்சிருக்காரு."

போக வேண்டாம் என்றேன். அன்று போகச் சொன்னதைவிட இதைச் சொல்ல எனக்கு அதிக தைரியம் தேவைப்பட்டது. அப்புறம் அரசாங்கத்திலிருந்து மேலே வடிகால் வெட்டித் தடுப்பு கட்டிக் கொடுத்தார்கள். பெண் இப்போது பழனியில் இருக்கிறாள். கடைக் கல்லாவில் உட்காருகிறாள். மலை இன்றுவரை விழவில்லை.

நினிவே ஜனங்கள் பிழைத்த பிறகு யோனாவைத் தேடிப்போய் ஒரு வார்த்தை சொன்னதாக எழுதப்படவில்லை. யாராவது அவர் குடிசைக்குப் போய், ஐயா, அடுத்த முறையும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் அவர் கோபம் அன்றே தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். என்னிடம் வந்து கேட்டார்கள்; அதனால்தான் என் வாழ்க்கையில் நான் சொல்லிப் பொய்த்துப்போன அந்த ஒரே வார்த்தைக்காக இன்றும் என்னால் முழு மனதோடு நன்றி சொல்ல முடிகிறது.