மாமனார் வீட்டு விண்கல்

எழுபதுகளில், கல்கத்தாவில், கல்லையும் கனிமத்தையும் கவனித்துக்கொள்ளும் ஓர் அரசு அலுவலகத்தில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். எங்கள் பிரிவின் பொறுப்பு விண்கற்கள். அதாவது, வானத்திலிருந்து விழுந்தது என்று ஜனங்கள் கொண்டுவரும் கற்களைப் பரிசோதித்து, அப்படி எதுவும் விழவில்லை என்று மரியாதையாகத் தெரிவிப்பது.

அன்றைக்கு உலகம் முழுவதும் அடையாளம் கண்டு எழுதிவைத்திருந்த விண்கற்களை ஒன்றுசேர்த்தால், பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் அளவுக்குத் தேறும். அவ்வளவு அபூர்வம். ஆனால் ஹவுரா ஜில்லாவில் மட்டும் அவை வாரம் தவறாமல் விழுந்துகொண்டிருந்தன. ஹவுராவில் தெருவுக்குத் தெரு இரும்பு வார்ப்புப் பட்டறை இருந்ததும், உலையில் மிஞ்சிய கசடை அவர்கள் வாசலிலேயே கொட்டியதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று சொன்னால், கல் கொண்டுவந்தவருக்குக் கோபம் வரும்.

எங்கள் அதிகாரி ஒரு வங்காளி, பொறுமைசாலி. முதலில் காந்தத்தைக் காட்டுவார். பிறகு கல்லின் ஒரு மூலையை அராவி, அந்தத் தூளை அமிலத்தில் கரைத்து மருந்து விடுவார். விண்கல் இரும்பில் நிக்கல் கலந்திருக்கும். அது இருந்தால் குழாயில் ரோஜா நிறம் வரும். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தக் குழாய் சிவந்து பார்த்ததில்லை. கொண்டுவந்தவர் முகம்தான் சிவக்கும்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, சாந்த்ராகாச்சியில் குவார்ட்டர்ஸ். எனக்குக் கல்யாண வயது வந்து, கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டுப் போயும்விட்டது. ஆபீஸ் போகிற பெண் என்ற குறை வேறு. ஆகவே, லேக் மார்க்கெட் பக்கம் காப்பிப்பொடியும் அப்பளமும் வடகமும் விற்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் மகனுக்குப் பெண் பார்க்க வருகிறார் என்றதும் அம்மா ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்தாள்.

வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை. தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அவர் அப்பா எனக்குச் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தாயி, நீ அந்தக் கல்லு ஆபீஸ்லதான வேலை பாக்குத?" என்றார்.

"ஆமா மாமா."

"அப்படிச் சொல்லு!" என்று தொடையில் தட்டினார். "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு. மானத்துலேருந்து எங்க வீட்டுக்குன்னே விழுந்தது."

கதை இதுதான். வருஷங்களுக்கு முன் அவர்கள் ஹவுராவில் குடியிருந்தபோது, விஸ்வகர்மா பூஜையன்று மத்தியானம், அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் மொட்டைமாடித் தகரக் கொட்டகை மேல் டமார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மாங்காய் அளவுக்குக் கருப்பாக ஒரு கல். தொட்டால் சுட்டது. செப்டம்பர் வெயிலில், தகரத்தின் மேல், சுடாத பொருள் எது என்று நான் கேட்கவில்லை. உண்மையான விண்கல் விழுந்தவுடன் பெரும்பாலும் சுடவே சுடாது என்று அதிகாரி சொல்லிக் கேட்டிருந்தேன், அதையும் சொல்லவில்லை. அந்தக் கல் வந்த பிறகுதான் கடை வைத்தாராம், கடை செழித்ததாம். பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடமாம்.

"கவர்மெண்ட் சர்டிபிகேட் ஒண்ணு மட்டும் வாங்கிக் குடுத்துரு. மத்ததெல்லாம் பொறவு பேசிக்கிடலாம்."

அவர்கள் போனதும் அம்மாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "நகை கேக்கல, சீரு கேக்கல. ஒரு காயிதம்தான கேக்காவ? டைப் அடிக்கிறவளே நீதான? அடிச்சுக் குடுத்துட்டு வா."

"அம்மா, அதுக்குப் பரிசோதனை உண்டு."

"உனக்கும்தான் பரிசோதனை நடந்துச்சு. பேசாம உக்காந்திருக்கலையா?"

கல் எங்கள் அலுவலகத்துக்கு அப்பளப் பெட்டியில், பட்டுத்துணி சுற்றி, சந்தனப் பொட்டோடு வந்து சேர்ந்தது. அதிகாரி பெட்டியைத் திறந்தார். "ஆபார்?" என்றார். மறுபடியுமா என்று அர்த்தம். பொட்டைப் பஞ்சால் துடைத்து, கல்லைப் புரட்டினார். அடிப்பக்கம் முழுக்கக் குமிழ் வெடித்த ஓட்டைகள், நன்றாகப் புளித்த ஆப்பம் மாதிரி. விண்கல்லில் அப்படி இருக்காது என்பது எனக்கே தெரியும். ஆனாலும் அவர் அராவினார், கரைத்தார், மருந்து விட்டார். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் ரோஜாவானால்தான் என்ன என்று ஒரு கணம் மனசு கெஞ்சியது. நிறம் மாறவில்லை.

"உங்களுக்கு வேண்டப்பட்டவரா?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலை சார்" என்றேன்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அலுவலக வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தபோது நிமிராத தலை இப்போது நிமிர்ந்திருந்தது. எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைக்குப் போனோம். மண் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"கல்லு என்ன ஆச்சு?"

"பட்டறைக் கசடு."

"தெரியும்."

"தெரியுமா?"

"மானத்துலேருந்துதான் வந்துச்சு. ஆனா ரொம்ப உசரத்துலேருந்து வரல." டீயை ஒரு வாய் குடித்தார். "நான்தான் எறிஞ்சேன்."

விஸ்வகர்மா பூஜையன்று கல்கத்தாவில் வானம் தெரியாத அளவுக்குப் பட்டம் பறக்கும். அறுந்த பட்டம் ஒன்று அவர்கள் வீட்டு ஏரியல் கம்பத்தில் சிக்கியிருக்கிறது. இவர் பட்டறை வாசலில் கிடந்த கசடு ஒன்றை எடுத்துத் தெருவிலிருந்து வீசியிருக்கிறார். பட்டம் விழவில்லை. கல்தான் விழுந்தது.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் மாடிக்குப் போனேன். அதுக்குள்ள கற்பூரம் காட்டிட்டாவ."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடணும்னு தோணிச்சு. சர்டிபிகேட்டுல பொய் எழுத வேண்டாம். அப்பா வேண்டாம்னு சொன்னா, நான் பேசிக்கிடுதேன்" என்றார். அப்பாவிடம் ஒரு கல்லைப் பற்றி இத்தனை வருஷமாகப் பேச முடியாதவர் என்னைப் பற்றி என்ன பேசிவிடப் போகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. என்னைப் பார்த்துவிட்டுப் போனவர்களில் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னவர், வயதைக் குறைத்துச் சொன்னவர், ஏற்கெனவே இருந்த குடும்பத்தையே மறைத்தவர் எல்லாரும் உண்டு. வேலை மெனக்கெட்டு வந்து உண்மை சொன்னவர் இவர் ஒருத்தர்தான்.

அறிக்கையை நானே டைப் செய்தேன். அனுப்பப்பட்ட பொருள் இரும்பு உலைக் கசடு, விண்கல் அல்ல. அதிகாரி கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா சாந்த்ராகாச்சிக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். அம்மா அடுக்களை வாசலில் முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்பா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தீரா?" என்றார் அப்பாவிடம். "நல்ல கல்லுன்னு எழுதினா கவர்மெண்ட்டு விட்டுவைக்குமா? அப்பவே பறிச்சுக்கிடும்லா. அதான் நம்ம பொண்ணு, அந்த ஆபீஸர் கையாலயே இல்லைன்னு எழுத வச்சு, கல்லைப் பத்திரமா மீட்டுட்டு வந்துட்டா. என்ன சாமர்த்தியம்!"

நான் வாயைத் திறந்தேன். அம்மா கைக்கு எட்டிய பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். கல் முருகன் பக்கத்தில் தன் இடத்துக்குத் திரும்பியது. கல்யாணமான பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அதற்குப் பால் ஊற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. துறை தெரிந்தவள் அல்லவா. கல்லிலிருந்து வழிந்த பாலைத் துடைக்கும்போது இவர் வாசலில் நின்று பார்ப்பார், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிடர்பூருக்குப் போய்விடுவார்.

ஒருமுறை மாமனாரை மியூசியத்துக்கு அழைத்துப்போனேன். அசல் விண்கற்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. கருகிய தோலோடு, அலட்டலே இல்லாமல், கனத்து உட்கார்ந்திருந்தன. அவற்றின் அபூர்வம் தெரிந்த நான் ஒவ்வொரு முறையும் அங்கே அதிக நேரம் நின்றுவிடுவேன். மாமனார் பெட்டிக்குப் பெட்டி குனிந்து பார்த்தார். நிமிரும்போது முகத்தில் பரிதாபம்.

"பாவம் தாயி. இவனுவகிட்ட நல்லதா ஒண்ணுகூட இல்ல."

பிறகு அங்கே நின்ற காவலாளியைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த வங்காள மொழியில் வீட்டு விலாசத்தைச் சொன்னார். அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே வந்துவிட்டார். கல்லைக் கும்பிட்டார். சாம்பாரை நிறைய ஊற்றிக்கொண்டு இட்லி சாப்பிட்டார். தினமும் அசலைப் பார்க்கிறவன் சொல்கிறேன், இதுதான் பார்க்கக் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்றார். மாமனார் காப்பிப்பொடிப் பொட்டலம் ஒன்றை அவர் கையில் திணித்து, டிராம் நிறுத்தம் வரைக்கும் கூடவே போனார்.