பெயர் வைக்காத பட்டன்

எங்கள் சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவர் மகள், அவரைவிட எட்டு வயது இளையவர் மகன். ஓவியக் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, பத்தொன்பதாம் வயதில், மூளைக்காய்ச்சலில் மகளுக்குப் பார்வை போயிற்று. மகன் கைபேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறார். மேசைமேல் கிடக்கும் செய்தித்தாளைக்கூட விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்துவிட்டுத்தான் உட்காருவார் என்பதால் வீட்டில் அவருக்கு ‘ஓரம்’ என்று பெயர். அவருடைய மனைவியின் அண்ணன் ரயில் நிலைய அறிவிப்பாளர். ‘மைக்’ என்றால்தான் யாருக்கும் தெரியும். இதுவரை சொன்னவற்றில் குடும்பத்தில் எவருக்கும் மறுப்பில்லை. இனி வருவதில் உண்டு.

பார்வை போன அக்காவுக்கு முதன்முதலில் படம் சொன்னவர் ஓரம்தான். பதினோரு வயதுப் பையனாக மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருந்த கப்பல் படத்தைச் சொன்னார். பிறகு கண்காட்சி எங்கே நடந்தாலும் அக்காவின் கை அவர் முழங்கையில் இருக்கும். சொல்வதில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இடப்பக்க மேல்மூலையில் தொடங்குவார், வலப்பக்கக் கீழ்மூலையில் முடிப்பார். நடுவில் எதையும் விடமாட்டார், எதையும் சேர்க்கவும் மாட்டார். அக்கா தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். முடிந்ததும் “ம், அடுத்தது” என்பார். அந்த ‘ம்’ மட்டும் போதும், ஓரத்துக்கு வயிறு நிறைந்துவிடும்.

நகரத்து ஓவியக் கூடம் அவருடைய அலுவலகத்திடம் ஒரு செயலி கேட்டது. பார்வையில்லாதவர்கள் ஓவியத்தைக் கேட்டறிய வேண்டும். காது கேளாதவர்களுக்கு எழுத்தில் வர வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளமும் மின்தூக்கியும் எங்கே என்று காட்ட வேண்டும். ஓரம் இதற்காகவே பிறந்தவர்போல் உழைத்தார். எல்லா ஓவியங்களுக்கும் விளக்கம் எழுதித் தம் குரலிலேயே பதிவும் செய்தார். சோதித்துப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் மூன்றாவது ஓவியத்திலேயே குறட்டை விட்டுவிட்டார். இன்னொரு குரலும் இருக்கட்டும் என்றார் மேலாளர்.

“எங்கண்ணனக் கேட்டா ஓசிலயே பேசிக் குடுப்பான்” என்றார் ஓரத்தின் மனைவி.

“ஸ்டேஷன்ல கத்துற மாதிரி இங்கயும் கத்துவான்.”

“உங்கள மாதிரி தூங்க வைக்க மாட்டான்ல?”

மைக் வந்தார். எழுதிக் கொடுத்த தாளை ஒருமுறை பார்த்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், ஓவியத்தைப் பார்த்தபடி தம் போக்கில் பேசிவிட்டுப் போனார். பதிவுகளை முதலில் அக்காவின் வீட்டுக் கூடத்தில்தான் போட்டுக் காட்டினார்கள். மொட்டைமாடியில் போர்வை உலர்த்தும் பெண்ணின் ஓவியம் அது.

“அக்கா, இந்தம்மா நமக்கு முதுகக் காட்டி நிக்குது. காத்து நம்ம பக்கம்தான் அடிக்குது. கொஞ்சம் தள்ளியே நில்லுங்க, ஈரப் போர்வை மூஞ்சில பட்டா நான் பொறுப்பில்ல” என்றது மைக்கின் குரல்.

அக்கா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

“ஓவியத்துல காத்து எங்கக்கா இருக்கு? இவனா சேத்துக்கிட்டான்” என்றார் ஓரம்.

“போர்வை ஒரு பக்கமா மேல தூக்கியிருக்குன்னு நீதானடா சொன்ன? தூக்கினது யாரு?”

அன்று முதல் ஓரத்துக்கு எல்லாம் உறுத்தியது. தம் அக்காவை மைக்கும் ‘அக்கா’ என்று கூப்பிட்டது உறுத்தியது. ‘மைக் இன்னும் ஏதாவது பேசியிருக்கானா?’ என்று அக்கா கேட்டது அதைவிட உறுத்தியது. தாம் சொன்ன ஆயிரம் ஓவியங்களில் ஒன்றுக்காவது அக்கா சிரித்தது உண்டா என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு ஒன்றும் வரவில்லை.

இங்கே அவருடைய தொழில்முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பார்வையில்லாதவரின் கைபேசி, விரல் பட்ட இடத்தில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும். அதற்கு ஒவ்வொரு பட்டனுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெயரை வடிவமைப்பவர் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் கைபேசி வெறுமனே “பட்டன்” என்று சொல்லி நின்றுவிடும். பெயரில்லாத ஒரேயொரு பட்டனுக்காக உடன் வேலை செய்தவரின் ஒரு வார உழைப்பைத் திருப்பி அனுப்பியவர் ஓரம். அப்படிப்பட்டவர், தம் குரலை முதலில் ஒலிக்கும்படி வைத்தார். மைக்கின் குரலுக்கு மாற்றும் பட்டனுக்குப் பெயர் எழுதாமல் விட்டார்.

திறப்பு நாளன்று அக்கா அவருடைய முழங்கையைப் பிடிக்கவில்லை. “இத வச்சு நானே போய்ப் பாக்கறேன்டா, அதுக்குத்தானே செஞ்ச?” என்று கைபேசியோடும் கோலோடும் முன்னால் நடந்தார். ஓரம் நாலடி பின்னால் போனார்.

போர்வை ஓவியத்தின் முன் அக்கா நின்றார். தம்பியின் குரல் மேல்மூலையில் தொடங்கியது. பாதியில் நிறுத்திவிட்டு விரலால் தேடினார். “எழுத்தின் அளவு” என்றது கைபேசி. “உட்காருமிடம்.” “பட்டன்.” விரல் நின்றது. திரும்பவும் வைத்தார். “பட்டன்.”

பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி அணிந்த பெரியவர் ஒருவர் தம் மகளிடம் அலுத்துக்கொண்டிருந்தார். “இது எதுக்குன்னே தெரியல. அமுக்கினா எல்லாம் அழிஞ்சுட்டா என்ன பண்றது? வேணாம்மா, வா, வீட்டுக்குப் போலாம்.”

அக்கா திரும்பாமலே கூப்பிட்டார். “டேய், பின்னாலதான நிக்கிற?”

“ஆமாக்கா.”

“இது என்ன பட்டன்?”

“மறந்துட்டேன் போல.”

“நீயா? என் அடுப்படில உப்பு டப்பாவுக்குக்கூடப் புள்ளி ஒட்டி வச்சவன். நீ மறந்தியா?”

அக்காவின் விரல் இன்னும் அந்தப் பட்டன்மேலேயே இருந்தது.

“உள்ள யாரு இருக்கா?”

“மச்சான்.”

“அவன ரூமுக்குள்ள தள்ளிட்டு, கதவு எதுன்னு எங்க யாருக்கும் தெரியாம பண்ணிட்ட. எனக்குப் பண்ணினா பொறுத்துக்குவேன், உன் அக்கா. அந்தப் பெரியவர் உனக்கு என்னடா பண்ணினார்?”

ஓரம் அக்காவின் பக்கத்தில் வந்தார். “நான் சொல்லி நீ ஒரு நாளும் சிரிச்சதில்லையேக்கா” என்றார்.

“நீ சொல்லும்போது நான் படம் பாத்துட்டு இருந்தேன்டா. சிரிக்க எங்க நேரம்?” என்றார் அக்கா. பிறகு, “போய்ப் பேர் வை. பெரியவர நான் பேச்சுக் குடுத்து நிறுத்தி வைக்கிறேன்.”

சிரிக்க நேரமில்லை என்ற அந்த ஒரு வாக்கியம் உண்மையா, ஆறுதலா என்று ஓரம் இன்றுவரை தம்மையே கேட்டுக்கொள்கிறார். அக்காவைக் கேட்கத் துணியவில்லை. கூடத்தின் அலுவல் அறையில் மடிக்கணினியைத் திறந்தார். பட்டன்களின் பெயர்களை அங்கிருந்தே மாற்றலாம். ‘மற்றொரு குரல்’ என்று எழுதி, அதில் இருந்த அலட்சியம் தமக்கே தெரிந்ததால் அழித்தார். ‘குரலை மாற்று’ என்று எழுதினார்.

திரும்பி வந்தபோது பெரியவர் விசுப்பலகையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவும் பட்டனைத் தேடினார். “குரலை மாற்று” என்றது கைபேசி. அக்கா ஒரு நொடி தயங்குவார் என்று ஓரம் எதிர்பார்த்தார். தயங்கவில்லை. உடனே அமுக்கினார்.

செய்தி மைத்துனருக்கும் போயிற்று. அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே, “மாப்ள, கதவத் தொறந்து விட்டதுக்கு ரொம்ப நன்றி. உள்ள ஒரே புழுக்கம்” என்றார். மனைவி சிரித்தார். ஓரம் கோணலாகக் கிடந்த மிதியடியை நேராக்கினார்.

செயலியின் மறுபதிப்பில் முதலில் ஒலிப்பது மைக்கின் குரல். வந்தவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் கேட்டார்கள். மாற்றச் சொன்னது மேலாளர், மாற்றியது ஓரம். அவருடைய குரல் இப்போது பட்டனுக்குப் பின்னால் இருக்கிறது. பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கண்காட்சிக்கும் அவரே விரல் வைத்துச் சோதிக்கிறார். அக்கா என்றைக்காவது அதை அமுக்கியிருக்கிறாரா என்பதைச் செயலி குறித்து வைப்பதில்லை. அப்படி ஒரு வசதி வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்தவரும் ஓரம்தான்.

அக்காவுக்குப் பார்வை போய் முப்பத்தோர் ஆண்டுகள். தம்பி படம் சொன்னது இருபத்தேழு. மைத்துனர், நான்கு.