தங்கை வீட்டுக் காற்று

எங்கள் வீடு வடமாலப்பேட்டை தாண்டி, சென்னை சாலையோரம். பின்னால் கல் உடைக்கும் கிரஷர், முன்னால் ஓயாமல் ஜல்லி லாரிகள். கொடியில் காய்ந்த துணியை உதறாமல் மடித்ததே இல்லை. என் மகள் பையில் இன்ஹேலரோடுதான் பள்ளிக்கூடம் போவாள்.

ஊரடங்கில் கிரஷர் நின்றது, லாரிகளும் நின்றன. மாடியிலிருந்து திருமலை மலைகளின் மடிப்புகூடத் தெரிந்தது. அந்தக் கோடை முழுக்க அவளுக்கு மூச்சிழுப்பு வரவே இல்லை. பிறகு லாரிகள் திரும்பின. இழுப்பும் திரும்பியது.

என் தங்கை திருப்பதியில், மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டவள். மலைக்குப் போகும் பஸ்களில் பல எலெக்ட்ரிக் ஆனதும் போனில் அதே பேச்சு. "பஸ்ஸு போனா பொகையே இல்லக்கா. ஜன்னல தொறந்து வெச்சிக்கினு தூங்கறோம்." அவள் நகை வாங்கியபோதும் வீடு கட்டியபோதும் வராத பொறாமை, அந்த ஜன்னலை நினைத்தபோது வந்தது.

பள்ளி விடுமுறையில் மகளை அங்கே விட்டேன். கூட்டிவரப் போனபோது மொட்டைமாடியில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள், பாடியபடியே.

"இன்ஹேலர் எங்கடி?"

"பையிலயே கீதும்மா. நான் இங்கியே இருக்கேன். அங்க வந்தா மறுபடியும் இழுக்கும்."

"இருக்கட்டும்க்கா, இங்க ஸ்கூல்ல சேத்துடலாம்" என்றாள் தங்கை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்ல காத்துதான் உனக்குன்னு ஆச்சி. என் கொழந்தயும் வேணுமா?"

அவள் கண் கலங்கிவிட்டது. நான் பார்க்காததுபோல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் மத்தியானமே இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் மாட்டிப் படுத்திருந்தவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வராந்தாவுக்கு வந்து தங்கைக்கு போன் செய்தேன். "வந்து கூட்டிக்கினு போ" என்றேன். "இதோ கெளம்பறேன்க்கா" என்றாள்.

இப்போது மகள் அங்கேதான் படிக்கிறாள். எங்கள் தெருக்காரர்கள் மண்டல தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்ததில் கிரஷரில் தண்ணீர் தெளிக்கிறார்கள், லாரிகளுக்குத் தார்ப்பாய் போடுகிறார்கள். தூசி கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அவளைத் திரும்பக் கூட்டிவரும் அளவுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். தங்கை அவளுக்கு அழகாகப் பின்னி, பூ வைத்து உட்காரவைத்திருப்பாள். நான் அதை அவிழ்த்து மறுபடியும் என் கையால் பின்னுகிறேன். தங்கை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.