எண்பத்தோராவது மணி

"ஹனீபா நானா மௌத்தாப் போயிட்டார், மிஸ். அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்" என்று ஷிபானா தொலைபேசியில் சொன்னாள். எங்கள் மலேரியா ஆய்வுகூடத்தில் பணிபுரிந்தவள். அழுகைக்கிடையே மேலும் ஒன்று சொன்னாள்: "அந்த மாணிக்க யாவாரிய நீங்க காப்பாத்தின கதைய ஆஸ்பத்திரிக் கட்டில்லயும் சொல்லிட்டுத்தான் கிடந்தார்."

அன்றிலிருந்து என்னால் கதிரையில் அமர்ந்திருக்க முடியவில்லை. அவரை அறிந்த நீங்கள் அனைவரும் நம்பியிருக்கும் அந்தக் கதை பொய்.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கரைத்தீவில் குடியேறியவர் அவர்; எங்கள் கூடத்தில் இரத்தம் பரிசோதிப்பவர். நான் விலங்கியல் பட்டதாரி, அவருக்கு மேலதிகாரி. நுணுக்குக்காட்டியில் இரத்தத் தகட்டைப் பார்க்கையில் அவருடைய இடக்கையில் தஸ்பீஹ் மணிமாலை இருக்கும். ஒரு பார்வைப் புலத்துக்கு, அதாவது வில்லைக்குள் ஒரே தடவையில் தெரியும் வட்டத்துக்கு, ஒரு மணி உருளும்.

"மலேரியாக் கிருமிக்கும் துஆக் கேட்கிறீர்களோ, நானா?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"ஓதல்ல மிஸ், எண்ணுறன். நூறு புலம் பாக்காம கிருமி இல்லையெண்டு எழுதப்படாது எண்டு நீங்கதானே சொன்னீங்க."

"அதில் தொண்ணூற்றொன்பது மணிதானே?"

"மத்தது சந்தேகத்துக்கு."

போருக்குப் பின் தகடுகள் கிருமியின்றி வெறுமையாகவே வந்தன. நாட்டில் மலேரியா ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்ட நாளில் நாங்கள் கேக் வெட்டினோம். அவர் தம் துண்டைத் தின்றுவிட்டு அடுத்த தகட்டை வைத்தார். "அறிவிச்சது எங்களுக்கு. நுளம்புக்கு ஆரும் சொல்லல்லயே" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் சற்று அதிகமாகவே சிரித்தேன்.

அதன் பின்னர்தான் பள்ளிவாசல்துறை மாணிக்க வியாபாரி காய்ச்சலோடு வந்தார். டெங்கு என்றே எல்லோரும் எண்ணினோம். அவருடைய தகட்டில் இருபது புலம் பார்த்தேன். 'ஒட்டுண்ணி இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

திரும்பியபோது அதே தகடு நுணுக்குக்காட்டியில் இருந்தது. "மிஸ், இந்த இடத்த ஒருக்காப் பாருங்கோ. எனக்குக் கண் மங்கலாக் கிடக்கு" என்றார் ஹனீபா.

அவர் கண்ணில் எந்த மங்கலும் இல்லை. நீல வளையம் ஒன்று, அதன் ஓரத்தில் சிவப்புப் புள்ளி. ஒற்றைக் கலம் கொண்ட அற்ப உயிர். ஓரிரு நாளில் மூளையைப் பிடித்துவிடக்கூடிய மலேரியா இனம். வாசலில் நின்ற வியாபாரியின் மனைவியிடம் "எங்க போய் வந்தார்?" என்று ஹனீபா கேட்டிருக்கிறார். "ஆபிரிக்காவுக்கு, கல் வாங்க" என்றிருக்கிறாள். நான் கேட்காத கேள்வி அது.

"எத்தனையாவது மணி?" என்றேன்.

"எண்பத்தொண்டு." என் தாளைக் கிழித்துப் புதிய படிவத்தை நீட்டினார். "நீங்களே எழுதுங்கோ."

எழுதினேன். மனிதர் பிழைத்தார். அவர் மனைவி எனக்கென்று வட்டிலப்பம் கொண்டுவந்தாள், சாப்பிட்டேன். ஹனீபாவும் ஒரு துண்டு எடுத்து, "மிஸ்ஸுக்குக் கிடைக்க வேண்டியதுதான்" என்றார். அது கேலியா, கருணையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பின்னொரு நாள் பேச்செடுத்தேன். "இனி நூறும் பாத்தாப் போதும் மிஸ், கதை வேணாம்" என்று முடித்துவிட்டார். அதற்குப் பின் நான் நூறும் பார்த்தேன். அவர் ஊரெல்லாம் சொல்லிவந்த கதையை மட்டும் திருத்தவில்லை.

அவர் நல்லவர் என்று எழுதி உங்களைக் களைப்படையச் செய்யப்போவதில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது எண்பத்தொன்று என்ற ஓர் எண் மட்டுமே. இருபதோடு எழுந்து போனவளை அது நிம்மதியாக இருக்க விடாது. நாளை பள்ளிவாசல்துறைக்குப் போய் அந்தக் குடும்பத்திடம் உள்ளதைச் சொல்வேன். வட்டிலப்பம் வைத்தால் தொடமாட்டேன்.