அம்மாவின் மேல் பல்

காளவாசல் பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் கிராம்பு வாசனை. வில்லாபுரத்து வீட்டில் அது அம்மாவின் வாசனை. என் சட்டைப் பொத்தானைத் தைத்துவிட்டு நூலைக் கடிக்கக் குனிவாள், முகத்தில் அடிக்கும். சொத்தைப் பல்லில் கிராம்பை அதக்கிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தாள். பிடுங்கச் சொல்லி அப்பா திட்டுவார்.

“மேல் பல்லப் பிடுங்குனா கண்ணு போயிரும்ங்க. அப்புறம் நான் எப்பிடித் தைக்கிறது?”

சாகும்வரை ஒரு பக்கமாகவே மென்றாள்.

“மரத்துப்போச்சா சார்? இழுக்குற மாதிரி இருக்கும், வலிக்காது” என்றார் டாக்டர். வலிக்கவில்லை. என் மேல் பல் தட்டில் விழுந்தது.

பஞ்சைக் கடித்தபடி, மறுபக்கக் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். ராகு காலம் போட்ட பொடி எழுத்துவரை தெளிவாகத் தெரிந்தது.

பிடுங்கி முடிக்கப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது, அம்மா.