கசங்காத துணிக்கு ஒரு கையெழுத்து

கேரளப் பக்கத்துச் சித்தூர்க் கல்லூரியில் வேதியியல் முடித்து, கோபாலபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ராமலட்சுமி, வீட்டில் சும்மா இருப்பானேன் என்று இரண்டு வருஷத்துக்காகப் போன வேலை அது. பதினேழு வருஷம் ஓடிவிட்டது. கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி இருக்கும் துணி மில்லில் அவள் சோதனைக்கூட உதவியாளர்.

பருத்தித் துணியைக் கசங்காத துணியாக மாற்றுவது அந்த மில்லின் தொழில். ரெசின் என்ற மருந்துக் கரைசலில் துணியை முக்கிப் பிழிந்து, ஸ்டென்டர் என்னும் நீளமான சூட்டு இயந்திரத்துக்குள் ஓடவிடுவார்கள். சூட்டில் மருந்து நூலுக்குள் பிடித்துக்கொள்ளும். பிறகு எத்தனை முறை துவைத்தாலும் சட்டை அவ்வளவாகக் கசங்காது. சூடு குறைந்துவிட்டால் மருந்து பிடிக்காது. ஃபார்மலினாகக் கசிந்து, உடுத்துகிறவர் தோலை அரிக்கும். மீனில் கலக்கிறார்கள் என்று பேப்பரில் வருகிறதே, அதே ஃபார்மலின்தான்.

அது எவ்வளவு கசிகிறது என்று அளப்பது ராமலட்சுமியின் பொறுப்பு. துணியைப் பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுவாள். வடித்த நீரில் வேறொரு மருந்தைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் ஏற ஏற ஃபார்மலின் அதிகம் என்று அர்த்தம். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது துண்டுகள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பேசக்கூடப் பிடிக்காது.

மே மாதக் கடைசியில் பள்ளிச் சீருடைத் துணி ஆறாயிரம் மீட்டர் ஓடியது. அவள் நறுக்கிப் போட்ட முதல் துண்டே மஞ்சள்கிழங்கு அரைத்த தண்ணீர் மாதிரி ஆனது. மஞ்சளை அளக்கும் கருவி, பத்து லட்சத்தில் நூற்றெண்பது பங்கு என்று காட்டியது. வாங்குகிறவர்கள் கேட்டிருந்தது எழுபத்தைந்துக்குக் கீழே.

மருந்தேற்றும் பிரிவுக்குப் பொறுப்பான ஃபினிஷிங் மாஸ்டர் பூபதிராஜாவிடம் போய்ச் சொன்னாள்.

"வேற துண்டு எடுத்துப் பாரு அம்மிணி" என்றார்.

பார்த்தாள். மூன்று தடவை பார்த்தாள். மதியம் இரண்டு மணிக்கு அவரே சோதனைக்கூடத்துக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பாய்லர் தகராறில் நாலு நாளாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

"லாரி வந்து நிக்குது. அறுபதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுரு. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள துணி போய்ச் சேரோணும்."

ராமலட்சுமி பேனாவையும் பதிவேட்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே எழுதிப் போடுங்க மாஸ்டர். என்னால ஆகாதுங்க."

"ஏன், பயமா?"

"பயமெல்லாம் இல்லீங்க. பொய் எழுதுனா அதை ஞாபகம் வெச்சுக்கோணும். நாளைக்குக் கேட்டா இன்னொண்ணு சொல்லோணும். அதுக்கெல்லாம் தெம்பு இல்லீங்க."

பூபதிராஜா பேனாவைத் திறந்தார். பதிவேட்டில் அன்றைய வரிக்குக் கொண்டுபோனார். பிறகு மூடி வைத்தார்.

"எனக்கும் கை வர மாட்டேங்குது" என்றவர், "ஸ்டென்டர் நூத்தம்பதுலதான ஓடுது, அப்புறம் எப்படி இப்படி வருது?" என்று கேட்டார்.

சூட்டுக்குத் தக்கபடி நிறம் மாறும் ஒட்டுத்தாள் சில அவளிடம் இருந்தன. மருந்து விற்க வந்த யாரோ மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. இருவரும் ஸ்டென்டருக்குப் போனார்கள்.

"மீட்டர்ல நூத்தம்பதுதானே காணிக்குது சேச்சி" என்றான், இயந்திரத்தை ஓட்டும் மலையாளி ஜின்சன்.

அவள் ஒரு தாளைத் துணியில் ஒட்டி உள்ளே அனுப்பினாள். மறுமுனையில் வந்ததை உரித்துப் பார்த்தாள். நூற்றிருபத்தெட்டு டிகிரிதான். இயந்திரத்தின் மூன்றாவது சூட்டறையில் பர்னர் அணைந்து கிடந்தது. மீட்டர் பழைய சூட்டையே காட்டிக்கொண்டிருந்தது.

எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. ஏற்கெனவே அனுப்பிய துணிகளிலிருந்து எடுத்து வைத்திருந்த மிச்சத் துண்டுகளை எல்லாம் ராமலட்சுமி மறுபடி சோதித்தாள். அவை சரியாக இருந்தன. இந்த ஆறாயிரம் மீட்டர்தான் கெட்டிருந்தது.

லாரி காலியாகத் திரும்பியது. பர்னரைச் சரிசெய்து, துணி முழுவதையும் இன்னொரு முறை சூட்டில் ஓட்டித் துவைக்க இரண்டு நாள் பிடித்தது. ஃபார்மலின் நாற்பதுக்கு இறங்கியது. ஆனால் மறுபடி சூடு கண்டதில் துணியின் பலம் குறைந்திருந்தது. இரண்டாயிரம் மீட்டர் கையால் இழுத்தாலே கிழிந்தது. வாங்குகிறவர்கள் அதைச் சீருடைக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். பாக்கெட் தைக்கும் துணியாக, குறைந்த விலைக்குப் போயிற்று.

முதலாளி பூபதிராஜாவை எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். ராமலட்சுமியை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு உத்தரவு மட்டும் வந்தது: இனிமேல் தினமும் நாலு வேளை ஸ்டென்டரில் தாள் ஒட்டிப் பார்த்து, சோதனைக்கூடத்தில் இருப்பவர்தான் குறித்து வைக்க வேண்டும். உதவிக்கு ஆள் கிடையாது.

"ஒரு வேலையை ஒழுங்காப் பண்ணுனா இன்னொரு வேலையைத் தலையில கட்டுறாங்க பாருங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம், மதிய முறைக்காக அவள் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பூபதிராஜா எதிரே வந்து கையை நீட்டினார்.

"குடு. மத்தியானத்தை நான் பாத்துக்கறேன். நீ உக்காந்து சோறு தின்னு அம்மிணி."

அவள் தாளைக் கொடுத்துவிட்டு, கை கழுவி, டிபன் பாக்ஸைத் திறந்தாள். புளிக்குழம்பு ஆறிப்போயிருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள்.